நான் வெட்டிய நான்காவது வரி

மகனே,

உன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பிழை பார்த்து முடித்துவிட்டேன். போர்ப் பாடல்களில் வருகிற பூவும் பறவையும் விளைச்சலும் எதைக் குறிக்கின்றன என்று மூன்று வருடம் உட்கார்ந்து நீ எழுதிய புத்தகம். ஒற்றுப் பிழைகள் பதினான்கு இருந்தன. ஓரத்தில் குறித்திருக்கிறேன். பதினைந்தாவதாக ஒரு பிழை இருக்கிறது. அது ஓரத்தில் குறிக்கிற அளவில் இல்லை; ஆறாம் அத்தியாயம், பன்னிரண்டு பக்கம், முழுவதும் அதுதான். அந்தப் பிழை உன்னுடையதும் அல்ல. பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் செய்தது.

நீ கல்லூரியில் புது வேலைக்குக் கிளம்பிய அன்றே இதைச் சொல்லப் பார்த்தேன். "அந்த ஆறாம் அத்தியாயத்து விளக்கம் சரியில்லப்பு" என்றேன். நீ பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டே சிரித்தாய். "எழுதுனவரு என்ன நெனச்சாருன்னு இப்ப யாருப்பா பாக்குறா? எழுதி முடிச்சதும் அது அவருது இல்ல. படிக்கிறவனுக்கு என்ன தோணுதோ அதான் அர்த்தம்" என்றாய். பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, "அதுக்கு மூலமே ஒங்க கட்டுரைதான். அடிக்குறிப்புல மொதப் பேரு ஒங்க பேரு" என்றாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "வெரசா சாப்பிட வாங்க ரெண்டு பேரும், பஸ்சு போயிரும்" என்று சத்தம் போட்டாள். நான் எழுந்து சாப்பிட வந்துவிட்டேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடும். அன்றைக்கு அது பஸ்.

நான் உன்னிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். அந்த அத்தியாயத்துப் பாட்டை எழுதிய தங்கராசைப் பற்றி உன் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: போடி வட்டாரத்து வீரக் கவிஞர். அவன் கவிஞன் இல்லை. ராசிங்காபுரத்துக்காரன். அவன் வீட்டு நிலம் வானத்தைப் பார்த்த நிலம். விதைப்பு முடிந்ததும் வீட்டோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். போடிமெட்டுக்கு மேலே எட்டு சீசன் ஏலக்காய் பறித்துவிட்டுத்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். எஸ்டேட்டில் கூடப் பறித்த ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டான். எழுபத்தொன்று டிசம்பரில், கிழக்கே நடந்த யுத்தத்தில் செத்துப்போனான். தந்தி வந்த மறுவாரம் பத்திரிகை நிருபராக நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஈஸ்வரிக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அவள் அழவில்லை. ஒரு இன்லண்டு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, இத அப்படியே போடுங்க. ஒரு எழுத்து விடாமப் போடுங்க" என்றாள். காரணத்தையும் சொன்னாள். தங்கராசின் தம்பி பாண்டிக்குப் பத்தொன்பது வயது. மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பத் தயாராக நின்றான். "அண்ணன் சாவுக்குப் பழி வாங்கப் போறானாம். நாஞ் சொன்னா, பொம்பள பேச்சு, போ மதினிங்குறான். அண்ணன் எழுதுனத அச்சுல பாத்தா நிப்பாண்ணே." இதுதான் அவள் கேட்டது. வீரவணக்கம் கேட்கவில்லை, அனுதாபம் கேட்கவில்லை. ஒரு பையனை நிறுத்துவதற்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்று கேட்டாள்.

கடிதத்தில் முதலில் வீட்டு விசாரிப்பு. அப்புறம் இப்படி இருந்தது: இன்று எதிர்ப்பக்கத்தில் செத்துக் கிடந்த ஒருவனைப் புரட்டிப் பார்த்தேன், நம்ம பாண்டி வயசுதான், மீசை முளைக்கவில்லை, எங்கள் பக்கத்தில் நேற்று போனவனுக்கும் அதே வயசு. அதற்குக் கீழே, வரி வரியாக, நான்கு வரி:

இங்கே ஏலக்காடு இல்லை, ஆனாலும் பறிப்பு நடக்கிறது.
கூடை கூடையாய் இளங்காய்.
வைது நிறுத்த ஒரு கங்காணி இல்லை.
என் கையிலும் பச்சை வாடை போகவில்லை.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வெளியூரார் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஏலச் செடியில் காய் தண்டின் உச்சியில் காய்க்காது. அடியில், மண்ணோடு கிடக்கிற சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் விளைந்த காயும் இருக்கும், இளங்காயும் இருக்கும், பூவும் இருக்கும். விளைந்ததை மட்டும் விரலால் தேர்ந்து எடுத்துவிட்டு மற்றதை அடுத்த பறிப்புக்கு விட்டுவர வேண்டும். இளங்காயைப் பறித்தால் காய்ந்தபின் சருகுதான். உள்ளே அரிசி இருக்காது. அதனால் பெண்கள் குனிந்து பறிக்கும்போது கங்காணி பின்னாலேயே நடப்பார். கூடையில் இளங்காயைக் கண்டால் வைவார். மறுபடி கண்டால் பறிக்கிற வரிசையான நிரையை விட்டு எழுப்பி விரட்டிவிடுவார். மலையில் இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. தங்கராசு அதைத்தான் எழுதினான். விளையாத பிள்ளைகளைப் பறித்துக் கூடையில் போடுகிறார்கள், போதும் என்று சொல்ல மேலே ஒருவரும் இல்லை, பறித்தவர்களில் நானும் ஒருவன். இதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

நான் விளக்கினேன். மூன்று மணி பஸ்ஸில் மதுரைக்குச் செய்திக் கவர் போக வேண்டும். இரண்டு மணி சுமாருக்கு உட்கார்ந்தேன். ஊர் முழுக்க வெற்றிக் கொண்டாட்டம். வெற்றியோடு சேருகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதினால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என் பெயரோடு வரும் என்று எனக்குத் தெரியும். அதுவரை என் பெயர் அச்சில் வந்ததில்லை, 'நமது நிருபர்' என்றுதான் வரும். பழைய போர்ப் பாட்டுகளில் களத்தை நெற்களமாகப் பாடுகிற வழக்கம் உண்டு. பகைவரின் தலை கதிர், யானை போரடிக்கிற கடா, அரசன் உழவன். அந்த வழக்கத்தை எடுத்து இதன் தலையில் வைத்தேன். இளங்காய் என்றது பகைவரை; முற்றிக் கேடு செய்யுமுன் கொய்துவிடுகிற வீரம். கங்காணி இல்லை என்றது, ஏவுவார் இல்லாமலே களம் புகும் தன்னெழுச்சி. எழுதி முடித்தபோது நான்காவது வரி மட்டும் எதிலும் அடங்காமல் நின்றது. பச்சை வாடையை என்ன செய்தும் வீரமாக்க முடியவில்லை. அடித்துவிட்டேன். மீசை முளைக்காதவனையும் அடித்துவிட்டேன். கடிதத்தை, கையெழுத்தை அப்படியே அச்சிட பிளாக் எடுப்பதற்கென்று கவரில் வைத்து அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை, ஏன் என்று நீயே யோசித்துக்கொள்.

கட்டுரை வந்தது, பெயரோடு. போடியில் ஏலக்காய் தெரியாத ஆள் உண்டா? கமிஷன் கடைக்காரர் ஒருவர் டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமா எழுதிட்டீரு ஓய், புல்லரிச்சுப் போச்சு" என்றார். தன் கடைக்கு வருகிற மூட்டைக்குள் கையை விட்டுப் பத்து இளங்காய் அகப்பட்டால் மூட்டையையே திருப்பி ஏற்றுகிற மனிதர் அவர். அவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஒரு பொய்யை ஊர் நம்புவதற்கு ஊருக்கு விஷயம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்ப ஆசை இருந்தால் போதும்.

ஒரே ஒருவன் கேட்டான். அது நீ. அந்த வருடம் சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க அந்த மூன்று வரியை உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு எட்டு வயது. முந்தின சீசனில் உன் அம்மாவோடு மெட்டுக்குப் போய்ப் பறிப்பைப் பார்த்திருக்கிறாய். இரண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்தி, "எளங்காயப் பறிச்சா வைவாங்கல்லப்பா?" என்று கேட்டாய். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அது தோட்டத்துல. இது கவித. கவிதையில அப்படித்தான்." நீ தலையாட்டினாய். பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாய். இன்றைக்கு உன் பன்னிரண்டு பக்கத்தைப் படிக்கிறபோது, எட்டு வயதில் சரியாக வாசித்த ஒரு பையனை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைப் படிக்கிறேன். 'கங்காணியின் இன்மை அதிகாரமற்ற வீரத்தின் குறியீடு' என்று எழுதியிருக்கிறாய். கவிதையில் அப்படித்தான் என்று நான் சொன்னதை நீ நல்ல தமிழில் விரித்திருக்கிறாய், அவ்வளவுதான்.

பாண்டி போனான். கட்டுரையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான் என்று அவன் அப்பாவே பெருமையாகச் சொன்னார். அதற்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் மாதம், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "கடைசி வரி எங்கண்ணே?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல வெட்டிட்டாங்கம்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்றேன். திரும்பிப் போய்விட்டாள். நான்கு வருடம் கழித்து வடக்கே ஏதோ ஒரு மலைச் சாலையில் பட்டாளத்து லாரி உருண்டு பாண்டி செத்துப்போனான். அப்போது யுத்தம் எதுவும் இல்லை. எழுதுவதற்குக் களம் இல்லை, பகைவன் இல்லை. நான் மூன்று வரிச் செய்தி அனுப்பினேன், இரண்டு வரி வந்தது. அதற்கப்புறம் ராசிங்காபுரத்தில் எந்தச் செய்தி என்றாலும் பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர் ஒருவரைக் கேட்டு எழுதிக்கொண்டேனே தவிர, அந்த ஊருக்குள் நான் போகவில்லை.

உன் வாதம் என்னிடம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. எழுதியவன் நினைத்தது ஒன்றாகவும் எழுத்து சொல்வது வேறொன்றாகவும் இருக்கலாம். ஆனால் நீ வாசித்தது அவன் எழுத்தை அல்லவே. என் கத்திரி விட்டுவைத்ததை வாசித்துவிட்டு, அதன் மேல் மாடி கட்டியிருக்கிறாய். முப்பது வருடம் செய்தி சேகரித்தவனாக உனக்கு ஒன்று சொல்வேன். ஒரு பாட்டில் பூ வந்தால் அது எதற்குக் குறி என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பூ எங்கே பூக்கும், யார் பறிப்பார்கள், எப்போது பறிக்கக் கூடாது என்று கேள். வெட்சி சூடினால் பகைவர் மாட்டைக் கவரப் போகிறான், வாகை சூடினால் ஜெயித்துவிட்டான் என்பதெல்லாம் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. செத்தவனும் செத்தவன் பெண்டாட்டியும் அந்த ஏற்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் ஒரு பொருளைச் சொன்னால் பெரும்பாலும் அந்தப் பொருளைத்தான் சொல்கிறார்கள். நீ போய்ப் பார்க்கலாம். தொட்டும் பார்க்கலாம். போடியிலிருந்து மெட்டுக்கு ஒரு ஜீப்பு தூரம்தான். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நீ ஏறவில்லை. நான் ஏறச் சொல்லவுமில்லை.

நீ போன மூன்றாம் நாள் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நான் ஏறினேன். ஈஸ்வரி இப்போது அங்கே பெண்கள் நிரைக்குக் கங்காணியாக இருக்கிறாள். நான் போனபோது ஒரு பெண்ணின் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வைதுகொண்டிருந்தாள். "ஏண்டி, கண்ணக் கழட்டிக் கூரையில சொருகிட்டு வந்தியா? இதென்ன காயா, கண்றாவி!" அந்தப் பெண் மலையாளத்துப் பக்கம் போலிருக்கிறது. "ஞானல்ல சேச்சி" என்றாள். "நீயில்லாம ஒங்க மாமியாளா வந்து பறிச்சா?" என்றாள் ஈஸ்வரி. நிரை முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. "வாங்கண்ணே" என்றாள், ஒரு வாரத்துக்கு முன்னால் பார்த்தவரைச் சொல்வது போல.

பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து படித்தாள். மெதுவாகப் படிக்கிறவள், முக்கால் மணி நேரம் ஆயிற்று. "கவிஞராமே. கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாரு" என்றாள். அப்புறம், "ஒங்க மகனா எழுதுனது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒங்களவிட நல்லா எழுதுறான். அதான் பயமா இருக்கு" என்றாள். நான் பதினேழு வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். "ஆபீஸ்ல வெட்டலம்மா. நாந்தான் வெட்டுனேன்." அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள். "தெரியும்ணே" என்றாள். "ஆபீஸ்ல வெட்டியிருந்தா பாண்டி சாவுக்கு எழவு கேக்க வந்திருப்பீங்கள்ல?"

அதற்குப் பிறகுதான் அவள் மகனைப் பற்றிச் சொன்னாள். தங்கராசு செத்தபோது வயிற்றில் இருந்தவன். இப்போது பதினேழு நடக்கிறது. ராசிங்காபுரத்தில் தாத்தாவோடு இருந்துகொண்டு பிளஸ் டூ படிக்கிறான். பாண்டியின் பெட்டி பட்டாளத்திலிருந்து வந்தபோது அதற்குள் என் கட்டுரை இருந்திருக்கிறது. பையன் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறானாம். அடுத்த மாதம் பட்டாளத்தில் சேர மதுரைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். "நாலாவது வரி இருக்குதுடான்னு சொல்லிட்டேன். அப்பா கையைப் பத்திச் சொல்லியிருக்காருடான்னும் சொல்லிட்டேன். 'அச்சுல இல்லையேம்மா, நீயாச் சேத்துச் சொல்ற'ங்குறான். இப்ப ஒங்க மகன் பொஸ்தகமும் வந்துட்டா எம் பேச்சு எங்க எடுபடும்? காயிதமும் எங்கிட்ட இல்ல. நாஞ் சொல்றது வாய்ச் சொல்லாப் போச்சுண்ணே. நீங்க அச்சுலயே சொல்லுங்க." இவ்வளவு சொல்லிவிட்டு, "சோலி கெடக்கு, வர்றேன்" என்று நிரைக்குப் போய்விட்டாள். டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. மலையில் யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள்.

உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊரார் படிக்கப் பத்திரிகையில் ஏன் போட்டேன் என்று நீ கோபப்படுவாய். காரணம் இதுதான். உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதல்ல, அதுவும் நடக்கும் என்று தெரிந்தேதான் போட்டேன். உன் கல்லூரியில் இதைப் படித்துவிட்டு நாலு பேர் சிரிப்பார்கள். என் சக நிருபர்கள் இனி என் முகத்தைப் பார்க்க யோசிப்பார்கள். அந்தப் பையன் அச்சைத்தான் நம்புகிறான். அவன் சித்தப்பனும் அப்படித்தான் நம்பினான். அந்த நம்பிக்கையைச் சம்பளமாக வாங்கித்தான் நான் உன்னைப் படிக்க வைத்தேன்.

ஆகவே, எங்கள் தொழிலில் இதற்கு இருக்கிற ஒரே வழியில் சொல்கிறேன். திருத்தம்: எழுபத்திரண்டு தை மாதம் இந்தப் பத்திரிகையில் என் பெயரில் வந்த கட்டுரையில், ராசிங்காபுரம் தங்கராசு எழுதியவை மூன்று வரிகளாக வெளியாயின. அவர் எழுதியது நான்கு வரி. நான்காவது வரி, 'என் கையிலும் பச்சை வாடை போகவில்லை' என்பது. அதை நீக்கியவன் நான். வேறு யாரும் சொல்லி அல்ல. இளங்காய் என்று அவர் சொன்னது இரு பக்கமும் செத்த, மீசை முளைக்காத பிள்ளைகளை. கங்காணி இல்லை என்றது பெருமை அல்ல, முறையீடு. அவர் மனைவி இத்தனை வருடமாகச் சொல்லி வருவது உண்மை. நான் எழுதியது பொய்.

ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. உனக்கு இருபத்தைந்து வயது, புத்தகம் உன்னுடையது. இந்த இதழ் வருகிற ஞாயிறு காலை நான் ராசிங்காபுரத்துக்குப் போகிறேன். அந்தப் பையன் கையில் இதைக் கொடுத்துவிட்டு, அவன் படித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். அவன் என்னை அடித்தாலும் சரி. உன் அச்சுப்படியையும் கேட்பான், கொடுப்பேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பான், நன்றாகப் படிக்கிற பையன் என்கிறார்கள். படித்துவிட்டு, "இதுல எது சார் நெசம்?" என்று கேட்பான். என் பங்குக்குப் பதில் சொல்லிவிடுவேன். உன் பங்குக்கு என்னால் சொல்ல முடியாது. எட்டு மணி பஸ்ஸில் போகிறேன். வருவதானால் அதற்குள் போடிக்கு வந்துவிடு.

அப்பா